சீனப் பள்ளியில் திங்கட்கிழமைக் கொடியேற்றம்: பிள்ளையைத் தயார் செய்வது எப்படி?

என் மகள் குவாங்சோவில் உள்ளூர்த் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். புதிதாக வரும் நம்மூர்ப் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது: ஞாயிறு இரவே சீருடையை எடுத்து வையுங்கள். பள்ளி நாட்களில் தினமும் தேசியக் கொடி ஏறும். மொத்தப் பள்ளியும் மைதானத்தில் திரளும் விழா வாரம் ஒருமுறை, பெரும்பாலும் திங்கள் காலை.

முக்கியமானது வணக்கம். சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய பிள்ளைகள், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிறுவர் அமைப்பான இளம் முன்னோடிகளின் உறுப்பினர்கள். வலது கை விரல்களைச் சேர்த்துத் தலைக்கு மேலே உயர்த்துவார்கள். உறுப்பினரல்லாத பிள்ளை அதைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டாம். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, நிமிர்ந்து நின்று, கொடி மேலே போகப் போகப் பார்வையும் கூடவே போக வேண்டும். இதை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள், பிள்ளைக்குக் கூச்சம் இருக்காது.

தாமதமாகிவிட்டதா? தேசிய கீதம் காதில் விழுந்தால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். விடப்போன நீங்களும் நில்லுங்கள். கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பாட்டு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் கொடிக்குக் கீழே ஒரு மாணவரோ ஆசிரியரோ பேசுவார். பல பள்ளிகளில், சென்ற வாரம் ஒழுங்கிலும் சுத்தத்திலும் நல்ல புள்ளி எடுத்த வகுப்புக்குச் சுழற்கொடியும் (வகுப்புக்கு வகுப்பு கைமாறும் பாராட்டுக் கொடி) அப்போதே தருவார்கள். வரிசையில் பேசினால் வகுப்புக்கே புள்ளி குறையலாம், அதையும் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.