மாவுக்கடைக் கணக்கு: ஃபார்முலா இல்லாமல் கூகுள் ஷீட்ஸில் எழுதலாம்

இட்லி மாவு அரைத்து வீட்டு வாசலில் கொஞ்சம், பக்கத்துக் கடைகளுக்குக் கொஞ்சம் என்று விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காசு கல்லாவிலும் விழும், ஜிபேயிலும் வரும், மாசக் கடைசியில் கையில் என்ன நின்றது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இதற்குக் காசு கட்டி சாஃப்ட்வேர் எல்லாம் வாங்க வேண்டாம், கூகுள் ஷீட்ஸ் போதும்.

கம்ப்யூட்டரில் புது ஷீட் திறந்ததும் ஃபைல், செட்டிங்ஸ் போய் லொக்கேலை (எந்த நாட்டு முறையில் தேதியை எடுத்துக்கொள்வது என்ற அமைப்பு) இந்தியா என்று மாற்றுங்கள். அமெரிக்கா என்று இருந்தால், நீங்கள் மே 4 என்று நினைத்து 4/5 அடிப்பீர்கள், அது ஏப்ரல் 5 என்று எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் முதல் வரிசையில் ஐந்தே தலைப்புகள்: தேதி, விவரம், வகை, கல்லா, வங்கி. வரவுக்கும் செலவுக்கும் தனிப் பத்தி போடவில்லை. உள்ளே வந்த பணத்தை அப்படியே எழுதுங்கள், வெளியே போனதற்கு முன்னால் மைனஸ் போடுங்கள், அவ்வளவுதான்.

1/4 | நேற்றைய மீதி | இருப்பு | 1500 | 12000
1/4 | உளுந்து 5 கிலோ | சரக்கு | -650 |
1/4 | வாசல் விற்பனை | விற்பனை | 1840 | 2260
1/4 | வங்கியில் போட்டது | இடமாற்றம் | -2000 | 2000

கடைசி வரியைப் பாருங்கள். கல்லாக் காசை வங்கியில் போடுவது வரவும் இல்லை, செலவும் இல்லை, ஆனால் பல பேர் கணக்கு குழம்புவதே இந்த இடத்தில்தான். இங்கே ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

ராத்திரி கடை மூடும்போது கல்லாப் பத்தியின் உச்சியில் உள்ள D என்ற எழுத்தை ஒரு தடவை கிளிக் செய்தால் கீழே வலது மூலையில் கூட்டுத்தொகை தெரியும். மேலே உள்ள கணக்குப்படி 690. கல்லாவை எண்ணுங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் ஏதோ ஒரு செலவை எழுதவில்லை, அதிகமாக இருந்தால் விற்பனை ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அன்றைக்கே தேடினால் ஞாபகம் வரும், ஒரு வாரம் கழித்துத் தேடினால் வராது. தொகைக் கட்டத்தில் ‘650 ரூ’ என்று எழுத்தைச் சேர்க்காதீர்கள், அது கூட்டலில் வராது. கட்டத்தில் இடது பக்கமாக ஒட்டி நிற்கும் தொகையைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

வகைப் பத்திக்கு இன்சர்ட் மெனுவில் டிராப்டவுன், அதாவது அடிக்காமல் தேர்ந்தெடுக்கும் பட்டியல், போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் கரண்ட், ஒரு நாள் ஈபி, இன்னொரு நாள் கரண்ட் பில் என்று அடித்து ஒரே செலவு மூன்றாகப் பிரிந்து நிற்கும். விற்பனை, சரக்கு, கரண்ட், கவர், வண்டி, மெஷின், இருப்பு, இடமாற்றம் போதும். கூடவே ‘வீட்டுக்கு எடுத்தது’ கட்டாயம் வேண்டும். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸை கடைச் செலவில் எழுதினால் லாபத்தில் ஓடுகிற கடையும் நஷ்டம் மாதிரி தெரியும்.

கடைக்காரர்களுக்குக் கடனுக்குக் கொடுத்த மாவை இந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம், பணம் கைக்கு வந்த அன்று எழுதினால் போதும். பாக்கிக் கணக்குக்கு ஷீட்டின் அடியில் இன்னொரு டேப் திறந்து தேதி, கடை, தொகை என்று மூன்று பத்தி போடுங்கள். கொடுத்தது அப்படியே, வசூலானது மைனஸில்.

மாசத்துக்கு ஒரு டேப் என்று 12 டேப் போடுகிறவர்கள் உண்டு, வேண்டவே வேண்டாம், வருஷம் முழுக்க ஒரே பக்கத்தில் ஓடட்டும். மாசக் கணக்கு வேண்டும்போது இன்சர்ட் மெனுவில் பிவட் டேபிள் (தொகைகளை வகைவாரியாகத் தானே கூட்டிக் காட்டும் அட்டவணை) எடுத்து, ரோஸில் வகை, காலம்ஸில் தேதி, வேல்யூஸில் கல்லாவும் வங்கியும் கொடுங்கள். வந்த தேதிகளில் ஒன்றை ரைட் கிளிக் செய்து மாசவாரியாகத் தொகுக்கச் சொன்னால் ஏப்ரலில் உளுந்துக்கும் அரிசிக்கும் எவ்வளவு போனது, மே மாசம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். லாபம் பார்க்கும்போது இருப்பு, இடமாற்றம், வீட்டுக்கு எடுத்தது மூன்றையும் விட்டுவிடுங்கள். கிரைண்டர் வாங்கிய மாசம் மெஷின் வரிசையையும் தள்ளிவைத்துப் பாருங்கள், அது ஒரு மாசச் செலவில்லை. பாக்கி டேபிலும் இதே பிவட்டை ரோஸில் கடை, வேல்யூஸில் தொகை என்று போட்டால் யார் எவ்வளவு தர வேண்டும் என்று வந்துவிடும், வசூலுக்குப் போகும்போது போனில் அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.