பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை: இயற்கைப் பிரிவுகளை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

பள்ளிப் புத்தகத்தில், மழையும் மண்ணும் மரமும் பார்த்து நிலத்தைப் பிரிக்கும் 'இயற்கைப் பிரிவுகள்' பாடம் வந்தால் கூடவே கலர் கலராக ஒரு வரைபடமும் வரும். பச்சை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், நடுவே கத்தியால் அறுத்த மாதிரி ஒரு கோடு. நேரில் போய்த் தேடினால் அந்தக் கோடு கிடைக்காது. அக்கா மகள் பரீட்சைக்கு இதை உருப்போட்டுக்கொண்டிருந்தபோது, "இதுக்கு ஒரு நாள் ரயில்ல போய்ட்டு வந்தா போதுமே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்புறம் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாவட்ட எல்லை போடாத ஒரு வரைபடம் வேண்டும். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்துபோயின, ஆனால் காற்றுக்கும் மழைக்கும் அது இன்னமும் ஒரே திருநெல்வேலிச் சீமைதான். மேற்கே 1,800 மீட்டருக்கு மேல் நிற்கும் பொதிகை, கிழக்கே மன்னார் வளைகுடா, இரண்டுக்கும் நடுவே தாமிரபரணி ஓடும் தூரம் 130 கிலோமீட்டர்கூட வராது. செங்கோட்டையில் ரயிலேறி வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டும்வரை மலை கூடவே வரும். திருநெல்வேலியில் மாறி திருச்செந்தூர் ரயில். மலைக்கு மேலே போகிற ஆசை இருந்தால் அது தனி நாள். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்.

எங்கே இறங்கினாலும் முதல் வேலை காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. ஆடி மாதம் போனால் இது சுலபம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்துவந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிடும். நம் பக்கம் இறங்கும்போது சூடாகி, காய்ந்து, வெறும் மேகாத்தாக, அதாவது மேற்குக் காற்றாக வரும். ஆனால் செங்கோட்டைக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால் அந்தச் சந்து வழியாகக் கொஞ்சம் ஈரம் தப்பி வந்துவிடுகிறது, குற்றாலச் சாரல் அதுதான். தென்காசியில் சட்டை நனைந்து ரயில் ஏறியவன் பாளையங்கோட்டையில் இறங்கும்போது கண்ணில் புழுதியோடு நிற்பான், அதுவும் அதே நாளில். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றோ காற்றாலைகளைச் சுற்றுவதோடு சரி. சமவெளிக்குப் பெருமழை என்றால் அது ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வர வேண்டும். மலை மட்டும் இரண்டு மழையையும் வாங்கிக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் நான் முன்னொரு தடவை ஏமாந்தேன். சேரன்மகாதேவி பக்கம் வாழையும் நெல்லுமாகப் பச்சைப்பசேல் என்று இருந்ததைப் பார்த்து 'நல்ல மழை பெய்யும் பகுதி' என்று நோட்டில் எழுதிவிட்டேன். வரப்பில் நின்ற ஒரு அண்ணாச்சி கேட்டுச் சிரித்தார். "மழை எங்கய்யா பெஞ்சது, இது ஆத்துத் தண்ணி" என்றார். உண்மைதான். மலையில் பெய்கிற இரண்டு மழையையும் ஆறு கீழே கொண்டுவருவதால்தான் இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அந்தத் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிடுகின்றன. கால்வாய் பாயும் எல்லையைத் தாண்டி நாங்குநேரி பக்கம் நடந்தால் மானாவாரி நிலமும் உடைமரமும் வந்துவிடும். வானம் ஒன்றேதான். ஆகவே பச்சையைப் பார்த்தால் அது வானத்துப் பச்சையா வாய்க்கால் பச்சையா என்று கேட்டுக்கொண்டு அப்புறம் எழுதுங்கள்.

காடும் சும்மா இருப்பதில்லை. மலை உச்சிப் புல்வெளியும் சோலைக்காடும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கசியவிடுவதால்தான் மழை நின்று பல வாரம் கழித்தும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. பருவமழை காட்டை வளர்க்கிறது, காடு ஆற்றை வளர்க்கிறது. பாடத்தில் மழையிலிருந்து காட்டுக்கு மட்டும்தான் அம்புக்குறி போட்டிருப்பார்கள்.

அடுத்தது மண். கொஞ்சம் அள்ளித் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டிப் பாருங்கள். கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் திரி மாதிரி நீளும், கையை விடவும் செய்யாது. தேரி என்கிற செம்மணல் மேட்டு மணல் உருளவே உருளாது. கரிசல் ஒரு மழையை உள்ளே வாங்கினால் பல வாரம் ஈரம் வைத்திருக்கும். அதனால்தான் ஆறில்லாத ஊரிலும் பருத்தியும் கம்பும் உளுந்தும்.

மரம்தான் நம்பகமான சாட்சி, ஏனென்றால் பல வருஷத்துச் சராசரி அதன் உடம்பில் இருக்கிறது. மழைமானி அப்படியில்லை: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த ஒரு நாளை வைத்து அதை மழைப் பிரதேசம் என்று சொல்ல முடியுமா? மேலே பசுமைமாறாக் காட்டில் அகன்ற இலை, அடிவாரத்தில் கோடையில் இலை உதிர்க்கும் மரம், சமவெளியில் குடை விரித்த மாதிரி தட்டையாக நிற்கும் உடை, அதற்கு இத்தனூண்டு இலை. தண்ணீர் குறையக் குறைய இலையும் சிறுத்துக்கொண்டே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பொய்ச் சாட்சிகளும் உண்டு. சீமைக்கருவேலம் எங்கே வேண்டுமானாலும் வரும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வரிசையாக நட்ட தேக்கையும்தான்.

தேரிக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். சாத்தான்குளம், உடன்குடி, குதிரைமொழி வட்டாரத்தில் காற்று குவித்துவைத்த செம்மணல் மேடுகள் அவை. மணலின் மேல் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதால் அந்தச் சிவப்பு. ஐந்து திணையும் உள்ள சீமை என்று நாம் பெருமை பேசும்போது பாலைக்கு இந்தத் தேரியைத்தான் காட்டுவோம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மணல் மழையை ஓடவிடாமல் உறிஞ்சிக்கொள்வதால் கீழே நல்ல தண்ணீர் இருக்கிறது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனையையே பார்க்கலாம். அடியில் தண்ணீர் இருப்பதால் பனையும் கொல்லாமரமும் (முந்திரி) நிற்கின்றன, பனை நிற்பதால் உடன்குடிக் கருப்பட்டி. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து திரிவதே பாலை என்பார்கள். அப்படியென்றால் மழை பொய்த்த வருஷத்தின் களக்காட்டு அடிவாரம்தான் அதற்குப் பொருத்தம்.

பஸ் போர்டையும் படித்துக்கொண்டே வாருங்கள். கரிசலில் 'பட்டி', தேரி ஓரம் 'விளை', மானாவாரிப் பக்கம் 'குளம்', கடலோரம் 'பட்டினம்' என்று முடியும் பெயர்கள் கூடும். விதிவிலக்கு நிறைய உண்டு, ஆனாலும் துப்புத்தான். ஊர்ப் பெரியவர் யாராவது அகப்பட்டால் ஒரே கேள்வி போதும்: "அண்ணாச்சி, இங்க எந்தத் தண்ணிய நம்பி விதைப்பீக?" கால்வாய் திறப்பு, புரட்டாசி மழை, கிணறு. வருகிற பதிலிலேயே பாதி வரைபடம் முடிந்துவிடும்.

வரைபடத்தில் பேனாவால் கோடு இழுக்காதீர்கள். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, ஒரு நிறம் இன்னொன்றில் கரைகிற மாதிரி பட்டையாகத் தீட்டுங்கள். ஆடியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை போனால் பட்டைகள் கொஞ்சம் நகரும், திருத்திக்கொள்ளலாம். கடைசியாகப் புன்னைக்காயல். ஆறு கடலில் சேரும் இடம், சேற்றில் அலையாத்தி மரங்கள். முகத்துவாரத்துத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கார்த்திகையில் ஒரு ருசி, சித்திரையில் வேறு ருசி. எந்த மாதம் போனீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள், அக்கா மகள் அதை மறந்துவிட்டுத்தான் இன்னொரு தடவை போகணும் என்கிறாள்.