எண்ணெய் கேனில் ஒரு முகமூடி: காயலான் கடையில் தொடங்குவோம்

வகுப்பில் ஆப்பிரிக்க முகமூடி செய்யச் சொன்னால் பசங்க நெட்டில் முதலில் வரும் படத்தை அப்படியே காப்பியடித்து வந்துவிடுகிறார்கள். 54 நாடுகள் உள்ள கண்டம் அது. எந்த ஊர், எந்த மக்கள் என்று ஒரு வரியும் இருக்காது. அந்த முகமூடிகளில் பல சடங்குக்கு உரியவை. ஆகவே உத்தியை மட்டும் கடன் வாங்குவோம்.

பெனின் நாட்டுக் கலைஞர் ரோமுவால்ட் ஹசூமே பெட்ரோல் கேன்களை முகமூடி ஆக்குகிறார். நைஜீரியாவிலிருந்து திருட்டுத்தனமாக பெட்ரோல் கடத்தி வரும் கேன்கள் அவை. கைப்பிடி மூக்கு, வாய்ப்பகுதி வாய். நமக்கு இதுதான் சுலபம்.

1. வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி காயலான் கடைகளில் கைப்பிடி வைத்த 5 லிட்டர் எண்ணெய் கேன் கிடைக்கும். ஆசிட், பினாயில் கேனைத் தொடவே வேண்டாம். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு பிசுக்குப் போகக் கழுவுங்கள்.

2. பாதி உயரத்தில் சுற்றிக் கோடு போட்டு, பெரியவர் ஒருவரை கட்டரால் வெட்டச் சொல்லுங்கள். மேல்பாதியைத் திருப்பி மூடிப்பக்கம் உங்களைப் பார்க்க வையுங்கள். மூக்கும் வாயும் தயார். ஓரம் கையைக் கிழிக்கும். பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் செருகிவிடுங்கள்.

3. கண்ணில்தான் முகமே மாறும், அவசரப்படாதீர்கள். லைபீரியா, ஐவரி கோஸ்ட் பக்கத்து கிரெபோ மக்களின் முகமூடிகளில் கண் உருளையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, மூக்கின் இருபுறமும் வைத்துப் பாருங்கள். நெருக்கினால் முறைக்கும், விலக்கினால் திகைக்கும். இடம் பிடித்ததும் குத்தூசியால் துளையிட்டு கட்டுகம்பியால் இறுக்குங்கள். ஃபெவிகால் இந்த பிளாஸ்டிக்கில் நிற்காது, உரிந்து வந்துவிடும்.

4. தலைமுடிக்கு காசிமேட்டில் கழித்துப்போட்ட வலைத்துண்டு. நன்றாக அலசி வெயிலில் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் வகுப்பே நாறும்.

5. நிறம் கொஞ்சம் போதும். உப்புத்தாளால் தேய்த்த பிறகே அக்ரிலிக் பிடிக்கும். முகம் எதைச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் பாடு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததே, அந்தப் பக்கத்துப் பிள்ளை மூக்குவரை கறுப்பு பூசினாலே போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

6. பின்பக்கம் ஒரு சீட்டு கட்டுங்கள்: யோசனை ஹசூமே, கண் கிரெபோ, கேன் தண்டையார்பேட்டை, கைவேலை உங்கள் பெயர்.