எலி பிடிக்கும் பூனையோடு பழைய வீட்டில் குடித்தனம்: புதியவர்களுக்கு

பூனை வந்தாச்சு, இனி எலித் தொல்லை இல்லை என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். வெளியே தலைகாட்டும் சுண்டெலியைப் பூனை பிடிக்கும், சுவருக்குள் குடும்பம் நடத்துவதை அது என்ன செய்யும்? பெரிய எலி என்றால் அதுவும் சந்தேகம்தான். நியூயார்க்கில் ஒரு கழிவுக் கிடங்கில் எலிகளும் தெருப்பூனைகளும் நடமாடுவதை 79 நாள் கேமராவில் பதிவு செய்தார்கள். பூனைகள் கொன்றது வெறும் 2 எலி. ஆகவே எலி பிடிப்பது பூனை வேலை, ஓட்டையை அடைப்பது நம் வேலை.

1. எலி மருந்தை முதலில் அப்புறப்படுத்துங்கள். மருந்து தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும், அதைப் பிடிப்பது பூனைக்குச் சுலபம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வகை மருந்தாக இருந்தால் அந்த எலியைத் தின்ற பூனைக்கும் உள்ளே ரத்தக்கசிவு வரலாம். ஈறு வெளுத்து, பூனை சோர்ந்து கிடந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. பசை அட்டை, அந்துருண்டை இரண்டும் வேண்டாம். பக்கத்து வீட்டில் மருந்து வைக்கிறார்களா என்றும் கேட்டு வையுங்கள்.

2. பூனை எங்கே உட்காருகிறது என்று கவனியுங்கள். என்னைக் கேட்டால் பூனையால் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் அலமாரி அடியையோ கதவு நிலை மூலையையோ பார்த்தபடி, காதை முன்னால் திருப்பி, வால் நுனி மட்டும் லேசாக ஆட, அரைமணி நேரம் அசையாமல் இருக்கும். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள், புதுப் புழுக்கை என்றால் கறுத்துப் பளபளவென்று இருக்கும், சுவரோரம் எண்ணெய்ப்பிசுக்கு மாதிரி தடம் தெரியும். ஓட்டையில் காகிதத்தைக் கசக்கித் திணித்துவிட்டுப் படுங்கள். காலையில் காகிதம் வெளியே கிடந்தால் போக்குவரத்து இருக்கிறது.

3. அடையுங்கள். 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும் சுண்டெலிக்கு. வெறும் மரத்தூளோ இடுக்கை அடைக்கும் ஃபோமோ வைத்தால் கடித்துக்கொண்டு வரும். துருப்பிடிக்காத கம்பி நாரை இறுக்கித் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். பழைய வீட்டில் குழாய் சுவருக்குள் நுழையும் இடம்தான் பெரும்பாலும் வாசல். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, கையுறையோடு துடையுங்கள். அந்த நேரம் பூனை வேறு அறையில் இருக்கட்டும்.

4. வயிறு நிறையச் சாப்பாடு போடுங்கள். நன்றாக வேட்டையாடட்டும் என்று பட்டினி போடாதீர்கள், பசி இல்லாவிட்டாலும் பூனை பாயும். ஆனால் மிஞ்சிய சாப்பாட்டை ராத்திரி தட்டிலேயே விடாதீர்கள், அது எலிக்கு விருந்து.

5. பூனை எலியை உயிரோடு கொண்டுவந்து கூடத்தில் விட்டால்? நடக்கும். கத்தாதீர்கள். பூனையை வேறு அறையில் போட்டுக் கதவைச் சாத்துங்கள், சுவரை ஒட்டி ஒரு அட்டைப்பெட்டியைப் படுக்க வையுங்கள். எலி நடுத்தரையில் ஓடாது, சுவரோரமாகவே ஓடி அதற்குள் போய்விடும், பெட்டி வாயை மூடி வீட்டைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடலாம். செத்த எலி என்றால் கையில் உறையை மாட்டி, பையில் கட்டிப் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். பூனையைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, எதற்குத் திட்டு என்றே அதற்குப் புரியாது.

6. உடம்பு. எலி தின்னும் பூனைக்கு நாடாப்புழு வரும், குடற்புழு மருந்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பூனையின் மலத்தொட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்; டாக்ஸோபிளாஸ்மா கிருமி (மனிதருக்கும் தொற்றும், கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம்) மலத்தில் வெளியேறி, தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும்.