ஓய்வு பெற்றபின் தோட்டத்தில் குடியிருக்கப் போகிறீர்களா? முதல் வருஷம் மாடு வாங்காதீர்கள்

ஈரோடு, திருப்பூர் பக்கம் பாகத்தில் வந்த ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, அதில் ஒரு பழைய சாளை (தோட்டத்து வீடு), மாசம் பிறந்தால் பென்ஷன், உடம்பிலும் இன்னும் தெம்பு இருக்கிறது. இந்த நிலையில் ஊருக்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒரு கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவதுதான். கலப்பின மாடு என்றால் காலையும் மாலையும் நேரம் தவறாமல் கறக்க வேண்டும், சொசைட்டி வண்டி வருவதற்குள் பால் போய்ச் சேர வேண்டும், ஒரு வேளை கறக்காமல் விட்டால்கூட மடிநோய்க்கு வழி செய்தமாதிரி ஆகிவிடும், இதற்கு நடுவில் தினம் 25 கிலோவாவது பசுந்தீவனம் அறுத்துப் போட வேண்டும். அலுவலக வேலைக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு இருந்தது.

அதனால் எதைத் தொடங்குவதாக இருந்தாலும், மகள் வீட்டு விசேஷத்துக்கு ரெண்டு நாள் போய்விட்டு வந்தால் இது என்ன ஆகும் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். தென்னைக்கு ஒன்றும் ஆகாது. முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சைக்கும் ஒன்றும் ஆகாது. கோழிக்குத் தீனியும் தண்ணீரும் வைத்து, மாலையில் அடைக்கப் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும். ஆடு என்றால் அந்த ஆள் கொஞ்சம் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும். மாடு கடைசி, அதுவும் கறக்கத் தெரிந்த மாற்று ஆள் கிடைத்த பிறகு.

நாட்டுக்கோழியில் ஆரம்பிப்பது நல்லது. ஐந்து பெட்டை, ஒரு சேவல் போதும். அடைக்கு உட்காரும் கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள், உடம்புச் சூடு எல்லாவற்றுக்கும் எட்டாது. 21 நாளில் பொரிந்துவிடும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வராமல் இருக்க, பொரித்த ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி, இந்த ரெண்டும் தவறக்கூடாது. கால்நடை மருந்தகத்தில் என்று போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது, மொத்தமும் போய்விடும். பகலில் பருந்தும் கீரியும், ராத்திரி மரநாயும் தூக்கிப்போகும். குஞ்சு கொஞ்சம் வளரும்வரை கொடாப்புக்குள்ளேயே (கவிழ்த்து வைக்கும் கூடை) வைத்திருந்தால் பாதிக்கு மேல் தேறும்.

அப்புறம் உடம்பு. வேலையெல்லாம் காலை ஆறிலிருந்து ஒன்பதரைக்குள், மறுபடி மாலை நாலரைக்கு மேல், நடுவில் நிழல். சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு மம்பட்டி பிடித்து யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இதைவிட முக்கியமானது மாத்திரை விஷயம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கொத்தவும் சுமக்கவும் ஆரம்பித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், தோப்புக்குள் மயங்கி விழுந்தால் பார்க்க ஆளிருக்காது. ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள், சட்டைப் பையில் ரெண்டு மிட்டாயும் செல்போனும் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், வெயிலில் வேலை செய்யப் போவதை டாக்டரிடம் சொல்லி, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தென்னை ஏறுவது உங்கள் வேலை இல்லை. 45 நாளுக்கு ஒரு வெட்டு, ஆளை வைத்துத்தான் போட வேண்டும். உங்கள் வேலை மரத்தடியிலும் இளங்கன்றுகளிலும் இருக்கிறது. மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்கு மட்டையும் மஞ்சியும் (தேங்காய் நார்) போட்டு மூடினாலே கோடையில் தண்ணீர்த் தேவை நன்றாகக் குறையும். கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் மரங்களுக்குக் காண்டாமிருக வண்டு பெரிய தொல்லை. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் அளவில், உள்பக்கத்து மூன்று மட்டைகளின் இடுக்கில் போட்டுவையுங்கள். வண்டு உற்பத்தியாவது பெரும்பாலும் எருக்குழியில்தான், குழியைக் கிளறும்போது வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், வேலையும் முடியும் தீனியும் ஆகும்.

விவசாய மின்சாரம் இலவசம்தான், ஆனால் மும்முனை கரண்ட் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வரும். ராத்திரியில் மோட்டார் போட வரப்பில் நடப்பதைத் தவிர்க்க மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டிவிடுங்கள், கட்டிலில் படுத்தபடியே போட்டு நிறுத்தலாம். அந்த இணைப்பிலிருந்து சாளைக்கு ஒயர் இழுக்கக் கூடாது, வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும்.

காய்கறிக்கு ரெண்டு சென்ட் போதும், அதற்கு மேல் போட்டால் களை எடுத்தே முதுகு போய்விடும். ஆடிப்பட்டத்தில் அவரை, புடலை, பீர்க்கு பந்தலுக்கு. அவரை பனிக்காலத்தில்தான் கொட்டும், அதுவரை பொறுமை வேண்டும், அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) வந்தால் அடுப்புச் சாம்பலைக் காலைப் பனி காய்வதற்குள் தூவுங்கள். அரைக்கீரை ஒருமுறை விதைத்தால் திரும்பத் திரும்ப அறுக்கலாம். செடிமுருங்கை வைப்பதானால் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ரகம், ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடித்துக் கைக்கு எட்டும் உயரத்திலேயே நிற்கும். சாளைச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், மழைக்காலத்துக் கம்பளிப்பூச்சி நேராக வீட்டுக்குள் வரும்.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கோழித்தீனி சிந்தினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். தீனியை மூடிபோட்ட டிரம்மில் வையுங்கள், மட்டைக் குவியலையும் கல் குவியலையும் சாளையை விட்டுத் தள்ளிப் போடுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, விடியும்போது வயிற்று வலி, கண் இமை இறங்குவது என்று ஆரம்பிக்கும். எனவே கட்டில், அதன்மேல் கொசுவலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகிக்கொள்வது. எந்தப் பாம்பு கடித்தாலும் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்தோடு செயற்கைச் சுவாசக் கருவியும் இருக்கும் அரசு மருத்துவமனை எது, எத்தனை கிலோமீட்டர் என்பதை இன்றே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று, மழைக்குப் பிறகு காய்ச்சல் வந்து நாலு நாளாக விடாமல் இருந்தால், புல்லிலும் புதரிலும் வேலை செய்தீர்கள் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே சரியாகும், விட்டால் ஆபத்து.

காகித வேலை கொஞ்சம். ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் தாசில்தார் அலுவலகத்தில் சிறு குறு விவசாயி சான்று வாங்குங்கள். சொட்டுநீருக்கு அரசு நிர்ணயித்த வரம்புக்குள் 100 சதவீத மானியம் அதை வைத்துத்தான் கிடைக்கிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம். வருஷம் 6,000 ரூபாய் வரும் மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டத்துக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. கடைநிலை ஊழியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் விலக்கு.

கடைசியாக வேலி. கம்பி வாங்குவதற்கு முன்பே சர்வேயருக்குப் பணம் கட்டி, பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூப்பிட்டு நிறுத்தி, அவர் முன்னால் அளந்து கல் நடுங்கள். நீங்கள் வெளியூர் போனால் கோழியை அடைக்கப் போகிறவர் அவர்தான்.