பழைய பாட்டை வெட்டி பீட் போடுமுன்: மும்பை தமிழ் ரீமிக்ஸ்காரர்களுக்கு

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ உட்கார்ந்து பழைய தமிழ்ப் படப்பாட்டை சாம்பிள் செய்கிறீர்களா? முதலில் உரிமையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றும் ஒரே கையில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்பு. 1960இல் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் மெட்டுக்கு, இசையமைப்பாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டு: அவர் 1990இல் இறந்திருந்தால் மெட்டின் உரிமை 2050 வரை ஓடும். பலர் இடறுவது இங்கேதான். "ஏழு விநாடி எடுத்தால் தப்பில்லை" என்பதும் வெறும் பேச்சு. சட்டத்தில் அப்படி ஒரு அளவே இல்லை. சுருதியை (பிட்ச்) ஏற்றினாலும் உரிமை பழைய உரிமையாளர்களுடையதுதான்.

அதே சட்டத்தின் பிரிவு 31சி, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழித்து கவர் பாட, அதாவது அதே பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்ய, அனுமதிக்கிறது. அதற்கு 50,000 பிரதிக்காவது ராயல்டி கட்ட வேண்டும், வரியை மாற்றவும் கூடாது. சின்னக் குழுவுக்கு இது கட்டுப்படியாகாது.

ஆகவே ஆடியோ நிறுவனத்துக்கே எழுதுங்கள்: எந்தப் பாட்டு, எந்த விநாடியிலிருந்து எதுவரை, எந்தத் தளம், வருமானத்தில் எத்தனை பங்கு. பதில் எழுத்தில் வரட்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸிடம் மேடைக்கு வாங்கிய லைசென்ஸ் சாம்பிளுக்குச் செல்லாது.

யூடியூபில் கன்டென்ட் ஐடி (பாட்டைத் தானாக அடையாளம் காணும் முறை) வழியாக உரிமை கோரும் கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் விளம்பரப் பணம்தான் போகும். பதிப்புரிமை ஸ்ட்ரைக் (உரிமையாளர் புகாரால் விழும் எச்சரிக்கை) வேறு: 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே நீக்கப்படலாம். கையில் அனுமதிக் கடிதம் இல்லாமல் கிளெய்மை மறுத்து டிஸ்ப்யூட் போடாதீர்கள்; யூடியூப் ஸ்டூடியோவிலேயே அந்தத் துண்டை மியூட் செய்துவிடுங்கள்.