சிங்கப்பூர்ல காலேஜ் பாஸ்கெட்பால் கோச் ஆகணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்

என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிச்சுட்டு வர்ற நம்ம பசங்க சில பேரு, அண்ணே எனக்கு கோச் ஆகணும் எப்படின்னு கேக்குறப்போ எனக்கு மனசு நெறைஞ்சு போகுது, ஏன்னா இங்க ஃபுட்பால், ஹாக்கியில நம்மாளுங்கள பாக்குற அளவுக்கு பாஸ்கெட்பால் கோர்ட்ல பாக்க முடியறதில்ல. தனித்தனியா வாட்ஸ்அப்ல சொல்றத இங்க ஒரே இடத்துல எழுதிடுறேன்.

டிவியில பாக்குற அமெரிக்கக் காலேஜ் கோச் பொழப்பு வேற, நம்ம ஊரு வேற. அங்க அது முழுநேர உத்தியோகம், ஊர் ஊரா போய் பிளேயர தேடிப் பிடிச்சு ஸ்காலர்ஷிப் குடுத்து கூட்டிட்டு வர்றதே பாதி வேலை. இங்க ஜேசி (யூனிக்கு முன்னாடி படிக்கிற ஜூனியர் காலேஜ்), பாலி (பாலிடெக்னிக்), ஐடிஇ (தொழில்கல்விக் கழகம்), யூனி எதுவா இருந்தாலும் பெரும்பாலும் தானா வந்து சேர்றவங்கதான் உங்க டீம், வேலையும் அனேகமா கான்ட்ராக்ட்தான், செஷன் கணக்குல காசு, வாரத்துல ரெண்டு மூணு சாயங்காலம். இத மட்டும் நம்பி வீட்ட ஓட்டணும்னா ஒரே நேரத்துல நாலஞ்சு இடத்துல டீம் பாக்கணும், இல்லன்னா பகல்ல ஒரு வேலை வேணும். கல்யாணம் பேசுற வயசுல இருக்கவங்க இத வீட்ல மறைக்காம சொல்லிடுங்க.

ஆனா ஆரம்பம் ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரிதான். அமெரிக்காவுல பேர் வாங்குன கோச் பேட் சம்மிட் 1974ல டென்னசி யூனிவர்சிட்டி பொண்ணுங்க டீமுக்கு கோச் ஆனப்போ அவங்களுக்கு வயசு 22, வேனயும் அவங்களே ஓட்டி, ஜெர்சியயும் அவங்களே தொவச்சுப் போட்டாங்க. அப்புறம் 8 தேசிய சாம்பியன்ஷிப், 1,098 மேட்ச் ஜெயிச்சாங்க. நீங்களும் அசிஸ்டன்டா போயி பந்துக்கு காத்தடிக்கிறதுலேர்ந்து தொடங்குங்க. நீங்க படிச்ச ஸ்கூலோ பாலியோ, அங்க சிசிஏ (பாடத்துக்கு வெளிய நடக்குற விளையாட்டு, கிளப்) பாத்துக்குற டீச்சர கேளுங்க. பெரிய பிளேயரா இருந்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல. ஸ்கோர்ஷீட் ஒழுங்கா எழுதத் தெரிஞ்சவங்களும், யாரு எத்தன தடவ பந்த தொலச்சாங்கன்னு எண்ணி வைக்கிறவங்களும் எந்த கோச்சுக்கும் வேணும், அந்த நோட்டுதான் உங்களுக்கும் பாடம்.

பேப்பர் விஷயம். எஸ்ஜி-கோச்ங்கற சிங்கப்பூர் கோச் பயிற்சி கோர்ஸ் முடிக்கணும், ஃபர்ஸ்ட் எய்ட், சிபிஆர் (நெஞ்ச அமுக்கி உயிர் காக்குறது), ஏஇடி (இதயத்துக்கு ஷாக் குடுக்குற கருவி) சர்டிஃபிகேட் வேணும், அப்புறம் தேசிய கோச் பதிவேடான என்ஆர்ஓசில பதியணும். ஜேசி மாதிரி கல்வி அமைச்சு இடம்னா அமைச்சுப் பதிவும் கேப்பாங்க. சர்டிஃபிகேட் தேதி முடியறதுக்கு முன்னாடியே புதுப்பிச்சிருங்க.

யூடியூப் பாத்துக் கத்துக்கிறவங்க கவனிங்க. அமெரிக்க ஆம்பளைங்க காலேஜ் ஆட்டம் 20 நிமிஷம் ரெண்டு பாதி, ஷாட் கிளாக், அதாவது பந்து கைக்கு வந்ததும் ஷாட் போட குடுக்குற நேரம், 30 செகண்ட். இங்க நாம கத்துக்கிற ஃபிபா (உலக பாஸ்கெட்பால் அமைப்பு) ரூல்ல 10 நிமிஷம் நாலு குவார்ட்டர், 24 செகண்ட், நம்ம ஷாட் ரிங்ல பட்டு பந்து நம்ம கைக்கே திரும்புனா 14 செகண்ட்தான். அங்க அழகா அஞ்சாறு பாஸ் போட்டு முடிக்கிற பிளேய அப்படியே இங்க கொண்டாந்தா பாதியிலயே கிளாக் அடிச்சிரும், அத வெட்டிச் சுருக்கிக் குடுங்க.

டிரெய்னிங்ல என்ன பாக்கணும்னு கேக்குறாங்க. என்கிட்ட ஒரு பையன் இருந்தான், வலது கையில பறப்பான், இடது கைக்குப் பந்து போனா கண்ணு கீழ போயிடும். தல தூக்கு தல தூக்குன்னு ஒரு மாசம் கத்திப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. அப்புறம் அவன் முன்னாடி நின்னு கைவிரல காட்டி, பந்தத் தட்டி டிரிபிள் பண்ணிக்கிட்டே எத்தன விரல்னு சத்தமா சொல்லச் சொன்னேன். மொத நாள் பந்து கால்ல பட்டு உருண்டு ஓடிச்சு, மூணாவது வாரம் அவன் விரல எண்ணி முடிச்சு கார்னர்ல சும்மா நின்னவனுக்கு பாஸும் போட்டான். திட்டுறதுக்கு முன்னாடி, அத சரி பண்ண ஒரு பயிற்சி கைல இருக்கான்னு பாருங்க, அவ்ளோதான் நான் கத்துக்கிட்டது.

டைம்அவுட் ஒரே நிமிஷம். மொத பாதியில 2, ரெண்டாவது பாதியில 3. நான் மொத மேட்ச்ல அந்த ஒரு நிமிஷத்துல ஆறு விஷயம் சொன்னேன், கோர்ட்டுக்குத் திரும்பும்போது கேப்டன் என்னப் பாத்து "கோச், இப்ப ஸோனா, மேனா?"ன்னு, அதாவது இடத்தக் காக்கணுமா ஆளுக்கு ஆள் காக்கணுமான்னு, கேட்டாங்க, அந்த மொகம் இன்னும் மறக்கல. இப்பல்லாம் அவங்கள உக்கார வச்சு, தண்ணி குடிக்க விட்டு, அப்புறம் ஒரு டிஃபன்ஸ் ஒரு பிளே அதுக்கு மேல வாயத் தொறக்கறதில்ல.

இங்க கோர்ட்ல பாதிப் பேச்சு மாண்டரின்ல ஓடும், "குவாய் குவாய்"னு வேகமா ஓடச் சொல்ற சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். நாலு வார்த்த கத்துக்கோங்க, ஆனா டீம் பேச்சு இங்கிலீஷ்ல இருக்கட்டும்னு மொத நாளே சொல்லிருங்க, இல்லன்னா மலாய்ப் பையனும் தமிழ்ப் பையனும் ஓரமா நின்னுருவாங்க.

செலக்‌ஷன் லிஸ்ட்ட வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, தயவு செஞ்சு. இடம் கெடைக்காதவங்கள ஒவ்வொருத்தரா கூப்ட்டு மொகத்தப் பாத்து, ஏன்னு சொல்லி, அடுத்த தடவைக்கு எத சரி பண்ணணும்னும் சொல்லுங்க. ஜேசில மொத்தமே ரெண்டு வருஷம், அதுல ஒரு சீசன் போறது அவங்களுக்கு சின்ன விஷயம் இல்ல.

திறந்த கோர்ட்டுன்னா மின்னல் எச்சரிக்கை வந்த உடனே, "கேட் 1"னு, அதாவது மின்னல் ஆபத்து அதிகம்னு, சொன்ன உடனே, எல்லாரயும் உள்ள அனுப்புங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்னு யாரும் கெஞ்சினாலும் கேக்காதீங்க. அந்த மாதிரி நாளுக்குன்னு உள்ள வச்சு செய்ய ஒரு பிளான் எப்பவும் பையில இருக்கட்டும், சுவத்துல பாஸிங், ஃபுட்வொர்க், வீடியோ எதாச்சும்.

டீச்சருக்கு மெயில் போடறப்போ சுத்தி வளைக்க வேணாம். உங்க பேரு, எந்த வருஷம் அங்க படிச்சீங்க, எந்தெந்த நாள் வர முடியும், காசு இல்லாம மூணு மாசம் வந்து ஹெல்ப் பண்றேன், இவ்ளோ போதும். ரெண்டு வாரத்துல பதில் வரலன்னா இன்னொரு தடவ போடுங்க, அவங்களுக்கு மார்க்கிங் தலைக்கு மேல இருக்கும்.